சுவர் சுவிட்சை அணைக்கிற வீட்டுக்கு எந்த கேமிங் மானிட்டர்?

27 அங்குலம், 1440பி (மேலிருந்து கீழாக 1440 வரிசைப் புள்ளிகள்), 180 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 180 முறை படம் மாறும்), ஐபிஎஸ் பேனல் (பின்விளக்கு வைத்த எல்சிடி வகை). கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மேசைமேல் இப்போது நிற்பது இதுதான். கடைசி வரை இதோடு மல்லுக்கு நின்றது அதே அளவில் ஓர் ஓஎல்இடி. நடுவில் எல்சிடியிலேயே இன்னொரு வகையான வளைந்த விஏ பேனல் ஒன்றும் வந்து எட்டிப் பார்த்தது. படத்தின் அழகுக்கு மட்டும் மார்க் போட்டால் ஓஎல்இடிதான் முதலிடம், அதில் பேச்சே இல்லை. அதன் விலை ஐபிஎஸ்ஸைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்பதும் தெரிந்ததுதான். ஆனால் பணம் கையில் இருந்திருந்தாலும் நான் ஐபிஎஸ்தான் எடுத்திருப்பேன். காரணம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் ஒரு சுவிட்ச்.

அதற்கு முன் அடிப்படை விஷயங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 24 அங்குலத்துக்கு 1080பி போதும். அதே 1080பியை 27 அங்குலத்தில் இழுத்தால் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். 1440பி என்றால் சுமார் 37 லட்சம் பிக்சல் (திரையின் ஒளிப்புள்ளி), 1080பியில் சுமார் 21 லட்சம்தான். அதாவது கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஏறக்குறைய 1.8 மடங்கு வேலை. கார்டு பழசு என்றால் முதலில் அதைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லி செகண்ட் நிற்கும், 144-ல் 6.9, 180-ல் 5.6. 60-லிருந்து 144-க்குப் போகும் முதல் தாவலை மவுஸை அசைத்ததுமே சொல்லிவிடலாம். அடுத்தது அப்படி இல்லை.

இப்போது ஓஎல்இடி. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிவிடும், அணைந்தால் முழு இருட்டு. ஐபிஎஸ்ஸில் பின்னாலிருந்து விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதால் கறுப்பு என்பது அடர் சாம்பல்தான். கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம், 1000:1-ஐ ஒட்டி நிற்கும். புதுச்சேரி லாஸ்பேட்டையில் மச்சான் வீட்டில் ஓஎல்இடி இருக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒரு குகைக் காட்சியை ஓடவிட்டான். தீப்பந்தம் மட்டும் அந்தரத்தில் எரிகிறது, திரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அதே காட்சியில் என் ஐபிஎஸ்ஸின் கீழ் மூலை லேசாக வெளிறும். பிக்சல் மாறும் வேகத்திலும் ஓஎல்இடி எங்கேயோ இருக்கிறது. ஐபிஎஸ் அட்டைப்பெட்டியில் 1 மில்லி செகண்ட் என்று போட்டிருந்தாலும் நிஜத்தில் சில மில்லி செகண்ட் ஆகும். ஓஎல்இடிக்கு அட்டையில் போட்டிருப்பது 0.03.

சரி, சுவிட்சுக்கு வருவோம். ஓஎல்இடியில் ஒளிவிடுவது கரிமப் பொருள். எரிய எரிய அது தேயும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. வாலரண்ட் கேமில் இடது மேல் மூலையில் மினிமேப், விண்டோஸில் கீழே டாஸ்க்பார் என்று நகராமல் நிற்கிற இடங்கள் அதிகமாகத் தேய்ந்து நிழலாகப் பதிந்துவிடும். பர்ன்-இன் என்பது இதுதான். இதைத் தள்ளிப்போட மானிட்டருக்குள்ளேயே ஒரு வேலை நடக்கிறது. பல மாடல்களில் நாலு மணி நேரம் போல ஓடியதும், நீங்கள் ஆஃப் செய்த பிறகு, திரை இருட்டாக இருக்கும்போதே அது சில நிமிடம் பிக்சல்களைச் சோதித்துச் சரிசெய்துகொள்ளும். பல நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய சுற்றும் உண்டு, அது சில மாடல்களில் ஒரு மணி நேரம் வரைகூட எடுக்கும். இது நடக்க வேண்டுமென்றால் ஸ்டாண்ட்பையில் கரண்ட் இருந்தே ஆக வேண்டும்.

எங்கள் வீட்டில் இருக்காது. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு அம்மா ஒரு சுற்று வருவார். டிவி, மோட்டார், சார்ஜர், கம்ப்யூட்டர், எல்லாச் சுவிட்சும் அணைந்தால்தான் அவருக்குத் தூக்கம். “சிவப்பு லைட்டு எரியுதே, அது சும்மாவா எரியுது?” என்பார். ஸ்டாண்ட்பை அரை வாட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு யூனிட்கூட வராது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் விலைப்பட்டியலே மாறும் என்பது அவர் கணக்கு, அதுவும் உண்மைதான். அந்த விவாதத்தில் ஜெயித்தவர்கள் இந்த மாவட்டத்தில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வீட்டு ஆட்களைச் சமாளித்தாலும் வானம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இடி விழ ஆரம்பித்தால் பிளக்கையே பிடுங்கிவிடுவோம், பிடுங்கத்தான் வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது நாள்கணக்கில் கரண்ட் கிடையாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்து, அங்கே ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை கொட்டியது. வீட்டு இன்வெர்ட்டரில் பெரும்பாலும் ஃபேனும் லைட்டும்தான் இணைத்திருப்பார்கள். கம்ப்யூட்டருக்கென்று வைத்திருக்கும் சின்ன யுபிஎஸ், சேவ் செய்துவிட்டு எழுந்திருக்கும் அளவுக்குத்தான் தாங்கும். பாதியில் நின்ற ஒரு சுற்றால் பேனல் செத்துவிடாது, அடுத்த முறை செய்துகொள்ளும். தினமும் தவறினால்தான் சிக்கல். ஐபிஎஸ்ஸுக்கு இந்த வேலையே இல்லை. விளையாடு, அணை, பிளக்கைப் பிடுங்கு, போய்ப் படு.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். ஓஎல்இடியை நான் வருடக்கணக்கில் வைத்திருந்து பார்த்தவன் இல்லை. மச்சானின் திரையில் இதுவரை நிழல் எதுவும் விழவில்லை. அவன் தனியாக இருக்கிறான், சுவிட்சில் யாரும் கை வைப்பதில்லை, வெறும் விளையாட்டும் படமும்தான். எனக்குப் பகல் முழுக்க எக்செல் அட்டவணை திறந்தே இருக்கும். பர்ன்-இன்னையும் சேர்த்து 3 வருடம் வாரண்டி தரும் பிராண்டுகள் இருக்கின்றன, ஆனால் நீங்கள் வாங்கும் மாடலின் வாரண்டி அட்டையில் அது எழுத்தில் இருக்க வேண்டும். கடைக்காரர் வாயால் சொல்வது கணக்கில் வராது.

இன்னொரு விஷயம் தமிழ் படிப்பவர்களுக்கு. ஓஎல்இடியில் சப்பிக்சல் (ஒரு பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகள்) அடுக்கு வேறு மாதிரி என்பதால் எழுத்தின் ஓரத்தில் மெல்லிய வண்ணக் கோடு தெரியும். ணை, ஞூ மாதிரி சுழிகள் நிறைந்த எழுத்துகளைச் சின்ன அளவில் படிக்கும்போது எனக்கு அது உறுத்தியது, மச்சானுக்கு உறுத்தவே இல்லை. கியூடி-ஓஎல்இடி வகையில் பகல் வெளிச்சம் திரையில் விழுந்தால் அந்தப் புகழ்பெற்ற கறுப்பு லேசாக ஊதா கலந்த சாம்பலாகிவிடும். என் மேசை கிழக்கு ஜன்னலை ஒட்டி இருக்கிறது.

விஏ? கான்ட்ராஸ்ட் 3000:1-ஐ ஒட்டி வரும், விலை ஐபிஎஸ்ஸை ஒட்டியே இருக்கும். ஆனால் இருட்டான இடத்தில் வேகமாகத் திரும்பினால் கறுப்பு மை இழுத்த மாதிரி வழியும். கார் ஓட்டும் கேம், கதை கேம் என்றால் தாராளமாக எடுக்கலாம். கவுண்டர்-ஸ்ட்ரைக் மாதிரி வேகமான சுடும் கேம் ஆடுபவருக்கு வேண்டாம்.

சர்வீஸ் பற்றி ஒரு வார்த்தை. சில பிராண்டுகள் வீட்டுக்கே வந்து மாற்றித் தருகின்றன, சில கொண்டுவரச் சொல்கின்றன. 27 அங்குலப் பெட்டியைப் பாண்டி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு தவளக்குப்பம், அரியாங்குப்பம் நெரிசலைக் கடந்து போக யாருக்கும் ஆசை இருக்காது. வாங்கும் முன்பே கடலூர் பின்கோடைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். பெட்டியையும் தெர்மாகோலையும் பரணில் போட்டு வையுங்கள், பின்னால் விற்கும்போதும் அதற்கு மதிப்பு உண்டு. ஒற்றைப் பிக்சல் செத்திருந்தால் பல நிறுவனங்கள் வாரண்டியில் ஏற்பதில்லை, அதனால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று முழுத்திரையில் போட்டுப் பாருங்கள். தேவனாம்பட்டினம் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றில் கேபிள் முனை பச்சை பூக்கும், அது எந்தப் பேனலுக்கும் பொது.

தனி அறை, கெட்டித் திரை போட்ட ஜன்னல், நல்ல யுபிஎஸ், சுவிட்சைத் தொடாத குடும்பம், இதெல்லாம் அமைந்தவர் ஓஎல்இடி எடுக்கலாம், நான் தடுக்க மாட்டேன். மற்றவர்களுக்கு 20,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் ஐபிஎஸ்தான் என் ஓட்டு. எதை வாங்கினாலும் பெட்டியில் வரும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையே மாட்டுங்கள், பழைய எச்டிஎம்ஐ 2.0 வழியாகப் போனால் 1440பியில் 144 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். மாட்டியதும் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்து பாருங்கள், பல நேரம் அது சொல்லாமல் கொள்ளாமல் 60-லேயே ஓடிக்கொண்டிருக்கும்.