கொழிஞ்சாம்பாறை நோட்ஸ்: வாஷிங்டனின் எட்டு ஆண்டுகள், 180 ரூபாய்க்கு

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து ஃபோட்டோஸ்டாட் கடைகளில் இந்த நோட்ஸ் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கிறது. ஏ4 தாள், இரு பக்க அச்சு, 112 பக்கம், ஸ்பைரல் பைண்டிங், 180 ரூபாய். பொருள் ஒன்றே ஒன்றுதான்: அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1789 முதல் 1797 வரை நாட்டுக்குள்ளும் வெளியிலும் எதையெல்லாம் சமாளித்தார் என்பது. ஒரு டியூட்டோரியல்காரர்கள் தங்கள் மலையாள நோட்ஸைத் தமிழாக்கி, இங்கே தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்காகப் போட்டிருக்கிறார்கள். டிகிரி, கேரள பி.எஸ்.சி. தேர்வு, சிவில் சர்வீஸ் மூன்றுக்கும் ஆகும் என்று அட்டையில் இருக்கிறது. வாங்கலாம், கையில் சிவப்புப் பேனா இருந்தால்.

பேனா முதலில் மொழிக்கு. எல்லைப் பகுதியில் மலையாளம் எழுத்து மாறிக்கொண்டு தமிழாக உலவுவது புதிதல்ல. ஆனால் தேர்வுத்தாளில் அது மதிப்பெண்ணைத் தின்னும். ‘கடம் ஏற்றெடுத்தல்’ என்று வரும் இடமெல்லாம் ‘மாநிலங்களின் கடனை ஏற்றல்’ என்று திருத்துங்கள். ‘விஸ்கி கலாபம்’ என்றால் விஸ்கிக் கலகம். ‘பிரெஞ்சு விப்லவம்’ பிரெஞ்சுப் புரட்சி. எல்லாவற்றிலும் மோசம் 3-ஆம் பக்கம்: ‘ஐக்கிய நாடுகளின் முதல் தலைவர் வாஷிங்டன்’. மலையாளத்தில் ‘ஐக்கிய நாடுகள்’ என்றால் அமெரிக்கா. தமிழ் வாசகர் கண்ணுக்கு அது 1945-இல் பிறந்த ஐ.நா. சபை. விடைத்தாள் திருத்துகிறவர் தமிழ்நாட்டுக்காரராக இருந்தால் அந்த வரியிலேயே சிரித்துவிடுவார்.

அடுத்து செய்திப் பிழைகள். நான்குதான், ஆனால் நான்கும் கேள்வியாக வரக்கூடியவை. 1789 தேர்தலில் ‘13 மாநிலங்களும்’ வாஷிங்டனுக்கு வாக்களித்ததாக எழுதியிருக்கிறது. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பிய 69 பிரதிநிதி வாக்காளர்களும் அவருக்கே போட்டார்கள் என்பது சரி, மாநிலங்கள் பத்துதான். வட கரோலினாவும் ரோட் ஐலண்டும் அப்போது அரசியலமைப்பை ஏற்கவே இல்லை. நியூயார்க் உள்சண்டையில் வாக்காளர்களைத் தேர்ந்தெடுக்கத் தவறிவிட்டது. இரண்டாவது, 1796-இன் ‘பிரியாவிடை உரையை நிகழ்த்தினார்’ என்பது. அவர் அதை எங்கும் பேசவில்லை. செப்டம்பர் 19-இல் ஃபிலடெல்ஃபியா நாளிதழ் ஒன்றில் அச்சாக வந்தது. அதே பக்கத்தில் ‘சிக்கவைக்கும் கூட்டணிகள்’ என்ற சொற்றொடரை அவர் வாயில் வைத்திருக்கிறார்கள். அது 1801-இல் மூன்றாவது ஜனாதிபதி ஜெஃபர்சன் சொன்னது. நான்காவது, 1794-இல் பிரிட்டனோடு போட்ட ஜே உடன்படிக்கை அமெரிக்க மாலுமிகளைப் பிரிட்டன் பிடித்துக்கொண்டுபோவதை நிறுத்தியதாகச் சொல்வது. உடன்படிக்கை அந்த விஷயத்தில் வாயே திறக்கவில்லை. அமெரிக்காவில் அதன்மேல் எழுந்த கோபத்துக்கு ஒரு பெரிய காரணம் அதுதான்.

இனி உள்ளடக்கம். கடன் அத்தியாயம், 18 முதல் 37-ஆம் பக்கம் வரை, நன்றாகவே வந்திருக்கிறது. 1790 ஜனவரியில் நிதித்துறைச் செயலர் ஹாமில்டன் காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றம்) வைத்த கணக்கு முழுதாக இருக்கிறது: வெளிநாட்டுக் கடன் சுமார் 1.17 கோடி டாலர், உள்நாட்டுக் கடன் வட்டியோடு சுமார் 4.24 கோடி, மாநிலங்கள் தனியே பட்ட கடன் சுமார் 2.5 கோடி. 1790 மக்கள்தொகைக் கணக்கில் வந்த தலைகள் 39 லட்சம், அதில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்துப் பக்கம் போட்டது நல்ல யோசனை.

கடன்பத்திரச் சண்டையைக் குறியை (சீட்டு) வைத்து விளக்கியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் குறி போடாத வீடு கிடையாது, அதனால் சட்டென்று பிடிபடுகிறது. விடுதலைப் போரில் சம்பளத்துக்குப் பதிலாகப் பத்திரம் வாங்கிய சிப்பாய், பணமுடையில் அதைக் கிடைத்த விலைக்கு வியாபாரியிடம் விற்றுவிட்டான். இப்போது அரசு முகமதிப்புக்குப் பணம் தரப்போகிறது. யாருக்கு? முதலில் வைத்திருந்தவனுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்றார் காங்கிரஸ் உறுப்பினர் மேடிசன். கையில் பத்திரம் இருப்பவனுக்கே முழுதும் என்றார் ஹாமில்டன். இல்லாவிட்டால் நாளைக்கு யாரும் அரசுப் பத்திரத்தை நம்பி வாங்கமாட்டான் என்பது அவர் வாதம். மேடிசனின் யோசனை 13-க்கு 36 என்று தோற்றது. மாநிலக் கடனை ஏற்கும் மசோதாவுக்கு வர்ஜீனியா முரண்டு பிடித்ததையும் அதே குறிக் கணக்கில் சொல்லியிருக்கலாம்: தவணையை ஒழுங்காகக் கட்டிமுடித்தவன், கட்டாதவனுக்காக இன்னொரு தவணை கட்டுவானா? தென் கரோலினாவும் மாசசூசெட்ஸும் பெரிய கடன்காரர்கள், வர்ஜீனியா பெரும்பகுதியை அடைத்திருந்தது. கடைசியில் தலைநகரம் பொட்டோமாக் ஆற்றங்கரைக்குப் போக வடக்கு இசைந்தது, 2.15 கோடி டாலர் வரை மாநிலக் கடனை ஏற்கத் தெற்கு இசைந்தது.

விஸ்கி வரி அத்தியாயம்தான் ஏமாற்றம். சித்தூர் தாலுகாவில் உட்கார்ந்துகொண்டு, தென்னந்தோப்பையும் கள்ளு வண்டியையும் எக்சைஸ் பெர்மிட்டையும் தினமும் பார்த்துக்கொண்டு, இதை இவ்வளவு வறட்சியாக எழுத முடியுமா! ‘மதுவுக்கு வரி போட்டார்கள், மக்கள் எதிர்த்தார்கள்’ என்பதோடு சரி. ஏன் எதிர்த்தார்கள் என்பதை ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மேற்குப் பென்சில்வேனியா விவசாயி தானியத்தை மலை தாண்டி விற்க ஏற்றினால் குதிரைக்கூலிக்கே காணாது. அதனால் காய்ச்சி, அளவைச் சுருக்கி ஏற்றினான். அங்கே விஸ்கி குடிக்கும் சரக்கு மட்டுமில்லை, கைமாறும் காசும் அதுதான். 1791 சட்டம் வரியை ரொக்கமாகக் கேட்டது. காய்ச்சும் கொப்பரையின் கொள்ளளவுக்கு வரி கட்டும் வழியும் இருந்தது. ஆண்டு முழுக்கக் காய்ச்சும் பெரிய ஆளுக்கு அது லாபம், அறுவடை முடிந்து சில வாரம் மட்டும் காய்ச்சுகிறவனுக்கு நஷ்டம். வரி கட்டாதவன் வழக்குக்காக மலை தாண்டி ஃபிலடெல்ஃபியாவுக்கு நடக்க வேண்டும். 1794 ஜூலையில் வரி அதிகாரி நெவிலின் வீட்டைக் கொளுத்தியது அந்தச் சம்மன்கள் வந்த கையோடுதான்.

அதற்குப் பிறகு வாஷிங்டன் எடுத்த அடிகளை வரிசையாகப் படிக்க வேண்டும். உச்ச நீதிமன்ற நீதிபதி வில்சனிடம் ‘சாதாரண வழியில் சட்டத்தை அமல்படுத்த முடியவில்லை’ என்று சான்று வாங்கினார். பேச்சுக்குத் தூதுவர்களை அனுப்பினார். நான்கு மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 13,000 பேரைத் திரட்டி, பாதி வழி தானே கூடப் போனார். நோட்ஸ் இதை ‘போர்’ என்கிறது. போரே நடக்கவில்லை; படை போய்ச் சேர்ந்தபோது கலகக்காரர்கள் கலைந்திருந்தார்கள். தேசத்துரோகம் நிரூபணமானவர் இருவர், இருவருக்கும் மன்னிப்பு. 1786-இல் மாசசூசெட்ஸில் கடன்பட்ட விவசாயிகளின் ஷேஸ் கலகம் வந்தபோது மத்திய அரசால் ஒன்றும் செய்ய முடியாமல் போனதையும் இதையும் இரு பத்தியில் பக்கத்தில் வைத்து எழுதினால் புதிய அரசியலமைப்பு என்ன மாற்றியது என்பது தானே தெரியும்.

அமைச்சரவை, நீதித்துறைச் சட்டம், உரிமைச் சாசனம் எல்லாம் பட்டியலாக இருக்கின்றன. கொள்குறி வினாவுக்கு அது போதும்.

வெளிநாட்டுப் பகுதி 61-ஆம் பக்கத்தில் தனி மஞ்சள் தாள் வைத்துத் தொடங்குகிறது. நோட்ஸின் அடிப்படைக் கோளாறு அந்த மஞ்சள் தாள்தான். உள்நாடு ஒரு கட்டு, வெளிநாடு ஒரு கட்டு என்று பிரித்துப் படிக்கும் பிள்ளை விடையையும் இரண்டு குவியலாகவே எழுதும். வாஷிங்டனுக்கு வந்த பிரச்சினைகள் அப்படி வரவில்லை. கடனை அடைக்கப் பணம் சுங்கத்திலிருந்து வந்தது. சுங்கம் வந்தது இறக்குமதியிலிருந்து, இறக்குமதியில் பெரும்பகுதி பிரிட்டன் சரக்கு. பிரிட்டனோடு சண்டை என்றால் மறுநாள் கஜானா காலி. கடற்படையும் இல்லை, கடைசிக் கப்பலை 1785-லேயே விற்றாயிற்று. 1793 பிப்ரவரியில் பிரான்ஸ் பிரிட்டன்மேல் போர் அறிவித்தது. அமெரிக்காவுக்கு 1778-இல் பிரான்ஸோடு போட்ட கூட்டணி கழுத்தில் கிடந்தது. அப்படியிருந்தும் வாஷிங்டன் ஏப்ரல் 22-இல் விலகி நிற்பதாக அறிவித்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. (அந்த அறிவிப்பின் வாசகத்தில் ‘நடுநிலை’ என்ற சொல் கிடையாது. நேர்முகத் தேர்வில் கேட்கத் தோதான கேள்வி.) பிரெஞ்சுத் தூதர் ஜெனே அமெரிக்கத் துறைமுகத்திலேயே தனியார் போர்க்கப்பல்களுக்கு அனுமதிச்சீட்டு கொடுத்த கூத்தை நோட்ஸ் இரண்டு பக்கம் சுவையாகச் சொல்கிறது.

மேற்கு எல்லையும் இதே கயிற்றில் கட்டியதுதான். 1783 உடன்படிக்கைப்படி காலி செய்திருக்க வேண்டிய டெட்ராய்ட், நயாகரா கோட்டைகளில் பிரிட்டன் அப்படியே உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து பூர்வகுடிக் கூட்டமைப்புக்கு ஆதரவு போயிற்று. 1791 நவம்பர் 4-இல் அந்தக் கூட்டமைப்பிடம் தோற்ற அமெரிக்கத் தளபதி செயின்ட் கிளேரின் படையில் அறுநூறுக்கு மேல் செத்தார்கள். 1794 ஆகஸ்ட் 20-இல் ஃபாலன் டிம்பர்ஸில் அமெரிக்கத் தளபதி வேய்ன் ஜெயித்தபோது, பின்வாங்கி வந்த பூர்வகுடிகளுக்குப் பிரிட்டிஷ் கோட்டை கதவைத் திறக்கவில்லை. மூன்றே மாதத்தில், நவம்பர் 19-இல், லண்டனில் அமெரிக்கத் தூதர் ஜான் ஜே கையெழுத்திட்டார். கோட்டைகளைக் காலி செய்யப் பிரிட்டன் ஒப்புக்கொண்டது. செனட்டில் 20-க்கு 10, தேவையான மூன்றில் இரண்டுக்கு ஒரு வாக்குகூட அதிகமில்லை. பணம் ஒதுக்கும் ஓட்டு கீழவையில் 51-க்கு 48. அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்துவிடுமோ என்று பயந்த ஸ்பெயின் 1795 அக்டோபர் 27-இல் தன் கையிலிருந்த மிசிசிப்பி ஆற்றுவழியை அமெரிக்கப் படகுகளுக்குத் திறந்துவிட்டது. மேற்கு விவசாயி தானியத்தைப் படகில் ஏற்றி நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பலாம் என்றாயிற்று. ஆளியாறு தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று பார்த்திருக்கும் சித்தூர் விவசாயிக்கு, அடுத்தவன் கையில் ஆற்றின் சாவி இருப்பது என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே படிக்கும் முறை: மஞ்சள் தாளைப் பிய்த்துவிடுங்கள். 18–37, பிறகு நேராக 74–88 (பிரிட்டன்), பிறகு 45–52 (விஸ்கி), கடைசியில் 89–95 (ஸ்பெயின்). 250 சொல் விடை என்றால் கடனில் தொடங்கி மிசிசிப்பியில் முடியுங்கள். ஜெனேவுக்கு இரண்டு வரி போதும்.

அடிமைமுறைக்கு அரைப் பக்கம்தான் கிடைத்திருக்கிறது. தப்பி ஓடியவரைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் 1793 சட்டத்தில் கையெழுத்திட்டவர் வாஷிங்டன் என்பதே இல்லை. அல்ஜியர்ஸ் கொள்ளையர் பிடித்துவைத்த மாலுமிகளும், அதனால் 1794-இல் ஆறு போர்க்கப்பல் கட்ட வந்த சட்டமும் ஒரு வரியில் போகின்றன.

கடைசியில் மடித்து வைத்திருக்கும் காலவரிசைத் தாளுக்காகவே காசு கொடுக்கலாம். மூன்று பத்தி: உள்நாடு, வெளிநாடு, ‘நம்ம பக்கம்’. 1781-இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்ற அதே கார்ன்வாலிஸ் 1786-இல் கவர்னர் ஜெனரலாக இங்கே வருகிறார். 1790-இல் பாலக்காட்டுக் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போகிறது. 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் மலபார் போகிறது. வாஷிங்டன் விலகி நின்ற அதே போரில் 1793 ஆகஸ்டில் பாண்டிச்சேரி விழுகிறது, 1795 அக்டோபரில் டச்சுக்காரர் கொச்சியை இழக்கிறார்கள், அதே மாதம்தான் மிசிசிப்பி திறக்கிறது. ஜே உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு அமெரிக்கக் கப்பல்களுக்கு இந்தியாவின் பிரிட்டிஷ் துறைமுகங்களைத் திறந்ததையும் இந்தத் தாளில் சேர்த்திருக்கலாம், இடம் இருக்கிறது.

வாங்கும்போது பிரித்துப் பாருங்கள். சில பிரதிகளில் 80-ஆம் பக்கம் இருமுறை வந்து 82 விட்டுப்போயிருக்கிறது, ஜே உடன்படிக்கையின் ஷரத்துகள் அதில்தான். காலவரிசைத் தாளின் மடிப்பு ஸ்பைரலில் மாட்டிக் கிழிகிறது. பைண்ட் செய்யாமல் தனியே தரச் சொன்னால் தருகிறார்கள்.