எடைப் போர்வை: தூக்கம் கூடவில்லை, ஆனாலும் திருப்பித் தர மாட்டேன்

என் மகனுக்கு 8 வயது. ஆட்டிசம், கூடவே ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, மிகைத்துடிப்பு). பேச்சு குறைவுதான். ஆனால் இரவில் விளக்கை அணைத்ததும் ஒரு சொல் மட்டும் தவறாமல் வரும்: "அமுக்கு." நான் கால்மாட்டில் உட்கார்ந்து அவன் தொடைகளை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்த வேண்டும். கை கொஞ்சம் தளர்ந்தால் மறுபடி "அமுக்கு". சில நாள் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். உட்கார்ந்தபடியே நான் தூங்கிவிழ, அவன் உதைத்து எழுப்பியதும் உண்டு. மூன்று வருடம் இப்படித்தான் ஓடியது. எங்கள் வீட்டு எடைப் போர்வை நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்புறம், உடம்பை அமுக்கும்படி உள்ளே கனம் வைத்துத் தைத்த நிஜமான எடைப் போர்வை ஒன்றை வாங்கினேன். பத்து மாதம் ஆகிறது.

பார்க்கச் சாதாரணப் போர்வை மாதிரிதான். உள்ளே உள்ளங்கை அகலத்துக்குக் கட்டம் கட்டமாகத் தைத்து, ஒவ்வொன்றிலும் பொடிப்பொடியான கண்ணாடி மணிகளை நிரப்பியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் குருணை நிரப்பியவையும் கிடைக்கின்றன. அவை தடிமனாக இருக்கும், புரளும்போது சரசரக்கும். சத்தம் ஆகாத பிள்ளைக்கு அந்தச் சரசரப்பே போதும், போர்வை மூலைக்குப் போய்விடும். வாங்கும்போது மகன் 25 கிலோ இருந்தான், போர்வை இரண்டரைக் கிலோ. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது எல்லோரும் சொல்லும் கைக்கணக்கு. மருத்துவ விதி என்று நினைத்துவிட வேண்டாம்.

விளம்பரங்கள் எல்லாம் தூக்கத்தைத்தான் விற்கின்றன. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தூக்கம் தகராறுதான் என்பதால் எங்களைப் போன்றவர்கள் சுலபமாக மயங்கிவிடுகிறோம். நான் நோட்டுப் போட்டுக் குறித்தேன். போர்வை வருவதற்கு முன் இரண்டு வாரம், வந்த பின் இரண்டு வாரம். முன்பு அவன் தூங்கியது சராசரியாக இரவு 10.50க்கு. பின்பு 10.45க்கு. நடு இரவில் எழுவதும் குறையவில்லை. ஐந்து நிமிடத்துக்கா இத்தனை செலவு என்று எரிச்சல்தான் வந்தது.

ஆத்திரத்தில் தேடியபோது 2014இல் பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. இங்கிலாந்தில் 5 முதல் 16 வயது வரையுள்ள, ஆட்டிசம் கொண்ட பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் போல எடைப் போர்வை, இரண்டு வாரம் போல அதே மாதிரியான எடையில்லாத போர்வை என்று மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். முடிவுவரை இருந்தவர்கள் 67 பேர். கையில் கட்டிய கருவியால் அளந்து பார்த்ததில், தூங்கும் நேரம் கூடவில்லை. ஆனால் எது பிடித்தது என்று கேட்டபோது பிள்ளைகளும் பெற்றோரும் எடைப் போர்வையைத்தான் காட்டியிருக்கிறார்கள்.

என் நோட்டில் நான் எழுதாமல் விட்டது அப்போதுதான் உறைத்தது. தூங்கிய நேரத்தைக் குறித்தேனே தவிர, அதுவரை அவன் என்ன செய்தான் என்று குறிக்கவே இல்லை.

முன்பெல்லாம் அந்த நேரத்தில் கட்டிலிலிருந்து குதிப்பான், சுவரில் முதுகை மோதுவான், என்னைக் கூப்பிடுவான். இப்போது படுத்தே கிடக்கிறான். போர்வையின் ஒரு கட்டத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, உள்ளே இருக்கும் மணிகளை மெல்ல உருட்டுவான். அது சலித்தால் அடுத்த கட்டம். ஒரு வரிசை முடிந்ததும் கீழ் வரிசை. கண் திறந்துதான் இருக்கும், முகத்தில் பதற்றம் இருக்காது. இரண்டாம் மாதம் ஒரு நாள் "அமுக்கு" என்பதற்குப் பதிலாக "கனம்" என்றான். போர்வையை எடுத்துப் போட்டேன். அன்று நான் பக்கத்து அறைக்குப் போய் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். என்ன செய்வது என்றுகூடத் தெரியவில்லை.

இந்த அழுத்தத் தேவை புதிதல்ல. ஆட்டிசம் கொண்ட அமெரிக்கக் கால்நடை அறிவியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின், இளம் வயதில் மாடுகளை அசையாமல் பிடித்து நிறுத்தும் கூண்டைப் பார்த்துவிட்டு, தனக்கே அப்படி ஓர் அமுக்கும் பெட்டியைச் செய்துகொண்டார். அதில் எவ்வளவு அமுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. போர்வை வாங்குகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். 2008இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், பள்ளியில் எடைப் போர்வையால் சுற்றப்பட்ட 9 வயது ஆட்டிசச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். அதைப் படித்த பிறகு எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆகவே முதல் வாரம் பகலில் விளையாட்டாகவே பழக்கினேன். போர்வையைப் போர்த்திவிட்டு "வெளியே வா!" என்பேன். அவனே தள்ளிவிட்டு எழுந்து வர வேண்டும். பத்துத் தடவை வந்த பிறகுதான் இரவுக்குக் கொடுத்தேன். தலைக்கு மேல் போகக் கூடாது, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகக் கூடாது, தண்டனையாகவோ அடக்கவோ ஒருபோதும் போடக் கூடாது. கைக்குழந்தைகளுக்கு எடை வைத்த எதுவுமே ஆகாது. வலிப்பு, மூச்சுத் தொல்லை, இதயக் கோளாறு இருந்தால் மருத்துவரிடமும், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமும் கேட்காமல் வாங்க வேண்டாம்.

இனி குறைகள். மேலுறையையும் போர்வையையும் இணைக்கும் நாடாக்கள் மூன்றாம் வாரமே அவிழ ஆரம்பித்தன. உள்ளே இருப்பது நழுவி ஒரு பக்கம் திரண்டுவிடும், நடு இரவில் "கனம், கனம்" என்று கத்தல். நானே ஓரமெல்லாம் பட்டன் தைத்தேன். துவைப்பது இன்னொரு கூத்து. நனைந்தால் ஓர் ஆள் தூக்க முடியாது, காய இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு இரவும் பழையபடி என் கைதான். இப்போது மேலுறையை மட்டும் கழற்றித் துவைக்கிறேன். ஏழாம் மாதம் ஒரு கட்டத்தின் தையல் பிரிந்து மணிகள் கொட்டின. நல்லவேளை, அவன் வாயில் போடும் வயதைத் தாண்டிவிட்டான். எதையும் வாயில் வைக்கும் பிள்ளை என்றால் வாரம் ஒருமுறை தையலைத் தடவிப் பாருங்கள். அளவிலும் ஏமாறாதீர்கள். கட்டிலின் அகலத்துக்கு வாங்கினால் தொங்கும் பக்கத்தின் கனமே முழுப் போர்வையையும் தரைக்கு இழுத்துவிடும். பிள்ளையின் உடம்பை மூடினால் போதும்.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். நாடா ஒழுங்காக இருந்திருந்தால் நான்கு. உங்கள் பிள்ளை கட்டிப்பிடித்தாலே உதறுகிறவன் என்றால் வாங்கும் முன் யாரிடமாவது இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். என் மகனைப் போல மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொள்கிறவன், தலையணைகளை மேலே அடுக்கச் சொல்கிறவன் என்றால் வாங்கலாம். அவன் இப்போது 28 கிலோ. கைக்கணக்குப்படி கனத்தைக் கூட்ட வேண்டும். கடையில் மூன்று கிலோப் போர்வையைத் தொட்டுப் பார்த்தான், ஒரு கட்டத்தை விரலால் உருட்டினான், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். பழையதன் பிரிந்த கட்டத்தை நேற்றுத்தான் இரட்டைத் தையல் போட்டு மூடினேன்.