பிரீ-கமிட்: எட்டு மாதம் வைத்துப் பார்த்ததில்

பிரீ-கமிட் என்பது, கோடில் செய்த மாற்றத்தை கிட்டில் பதியும்போது, அதாவது கமிட் போடும்போது, ஃபைல்களைச் சோதிக்கும் கருவி. கிட் என்பது கோடு மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கருவி. எங்கள் ரெப்போவில், அதாவது டீமின் கோடு எல்லாம் இருக்கும் இடத்தில், பைத்தான் இருக்கிறது, கோ இருக்கிறது, டைப்ஸ்கிரிப்ட் இருக்கிறது, யார் எழுதியது என்று யாரும் ஒப்புக்கொள்ளாத ஷெல் ஸ்கிரிப்ட் இருபது இருக்கிறது. ஆறு பேர் வேலை செய்கிறோம். கோடு ஸ்டைல் சண்டை என்றாலே டேப்பா ஸ்பேஸா என்பதுதான் என்று வெளியில் நினைப்பார்கள். அது எங்களுக்கு என்றைக்கோ முடிந்துபோன பஞ்சாயத்து. பைத்தானுக்கு பிளாக், டைப்ஸ்கிரிப்டுக்கு ப்ரெட்டியர், கோவுக்கு அதோடு கூடவே வரும் கோஃபம்ட் என்று, கோடை ஒரே ஸ்டைலுக்கு மாற்றும் ஃபார்மேட்டர்களைப் பேசி முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்படியும் ஒரு வரி மாற்றியவர் அனுப்பும் புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) நாற்பது வரி மாறியிருக்கும்.

கோளாறு ஸ்டைலில் இல்லை, வெர்ஷனில். பிளாக் வருடத்துக்கு ஒரு முறை, ஜனவரியில், தன் ஸ்டைலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும். 2024 ஜனவரியில் வந்தது, உள்ளே ஒன்றும் எழுதாமல் வெறும் மூன்று புள்ளி வைத்து விட்ட ஃபங்ஷனை ஒரே வரியில் சேர்த்துவிடும்; அதற்கு முந்தைய வெர்ஷன் அந்த மூன்று புள்ளியை அடுத்த வரிக்கு இறக்கிவிடும். என் மெஷினில் புதியது, பக்கத்து சீட்டில் பழையது. நான் ஏற்றுவேன், அவர் இறக்குவார், ஒரு வாரம் இப்படியே போனது, இரண்டு பேருமே ரூல்படிதான் நடந்துகொண்டிருந்தோம்.

பிரீ-கமிட் எடுத்தது இதற்காகத்தான். பைத்தானில் எழுதியது, இலவசம், ஓப்பன் சோர்ஸ். இது தானாக எதையும் ஃபார்மேட் செய்யாது, கமிட் போடும்போது வாசலில் நிற்கும் வாட்ச்மேன் வேலை மட்டும்தான். ரெப்போவில் ஒரு யாமல் ஃபைல் (செட்டிங் எழுதும் டெக்ஸ்ட் ஃபைல்) வைத்து, எந்த ஃபார்மேட்டர், எந்த வெர்ஷன் என்று எழுதிவிட்டால் போதும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சூழலை அதுவே உருவாக்கி கேஷில் வைத்துக்கொள்கிறது. ப்ரெட்டியர் ஓடத் தேவையான நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) இல்லாத மெஷினில்கூட நோடைத் தானே இறக்கிக்கொண்டு ப்ரெட்டியரை ஓட்டும். பேக்எண்ட் ஆட்களிடம் போய் ‘என்பிஎம் போடுங்கள்’ என்று, நோடின் பேக்கேஜ் இன்ஸ்டாலருக்காகக் கெஞ்ச வேண்டியதில்லை, இது ஒன்றுக்கே நான் முக்கால் மார்க் கொடுத்துவிடுவேன்.

முதல் நாள் மட்டும் பொறுமை வேண்டும். எல்லாச் சூழலையும் இறக்கி முடிக்கிற வரைக்கும் டெர்மினல் சும்மா நிற்கும், புதிதாக வந்தவர் தொங்கிவிட்டது என்று நினைத்து கன்ட்ரோல்-சி அடிப்பார். அப்புறம் சிவப்பில் ‘ஃபெயில்டு’ என்று காட்டும். இதைப் பார்த்துப் பயந்து எனக்கு மெசேஜ் போடாதவரே எங்கள் டீமில் கிடையாது. ஃபைலை அது ஏற்கெனவே சரிசெய்து வைத்திருக்கும், திரும்ப ஆட் செய்து கமிட் போட்டால் போய்விடும், அவ்வளவுதான் விஷயம். அதைச் சிவப்பில் சொல்லியிருக்க வேண்டாம்.

சரி, குறைகள். கோஃபம்ட்டைப் பலரும் செய்வதுபோல லோக்கல் ஹூக்காக (ஹூக் என்றால் கமிட்டின்போது ஓடும் ஒரு வேலை; லோக்கல் என்றால் அதை நம் யாமல் ஃபைலிலேயே எழுதுவது) போட்டு, மொழி ‘சிஸ்டம்’ என்று எழுதினால், அது அவரவர் மெஷினில் இருக்கும் கோவைத்தான் எடுக்கும், அதாவது வெர்ஷன் பூட்டு அங்கே செல்லாது. 2022-இல் வந்த கோ 1.19-இலிருந்து கோஃபம்ட் டாக் கமெண்டுகளையும் (கோடுக்கு மேலே எழுதும் விளக்கக் குறிப்புகள்) சேர்த்து ஒழுங்குபடுத்துகிறது, பழைய கோ வைத்திருப்பவர் மெஷினில் அது நடக்காது, ஆக மூன்று புள்ளிக் கதை வேறு வேஷத்தில் திரும்பி வரும். ப்ரெட்டியரை பிரீ-கமிட் எடுத்துக்கொள்ள இருந்த மிரர் ரெப்போவையும் 2024-இல் ஆர்கைவ் செய்துவிட்டார்கள், அதாவது மூடிவைத்துவிட்டார்கள். நெட்டில் கிடைக்கும் பழைய கன்ஃபிகை அப்படியே ஒட்டாதீர்கள். லோக்கல் ஹூக் போட்டு, மொழி நோட் என்று சொல்லி, கூடுதல் டிபென்டென்சியில் ப்ரெட்டியரை வெர்ஷனோடு எழுதுங்கள்.

இன்னொன்று, வரிக்கடைசி ஸ்பேஸை வழிக்கிற ஹூக். ரீட்மீ மாதிரிக் குறிப்புகள் எழுதும் மார்க்டவுனில், வரியின் கடைசியில் இரண்டு ஸ்பேஸ் விட்டால் வரியை உடை என்று அர்த்தம். ஹூக்குக்கு அதெல்லாம் தெரியாது, வழித்துவிட்டது, எங்கள் ரீட்மீயில் இருந்த இன்ஸ்டால் குறிப்பு முழுக்க ஒரே பத்தியாக ஒட்டிக்கொண்டு நின்றது. மார்க்டவுனை விட்டுவிடச் சொல்ல ஒரு ஆர்க்யுமென்ட் உண்டு, முதல் நாளே போடுங்கள். எடிட்டர்கான்ஃபிகிலும் (எல்லோர் எடிட்டருக்கும் பொதுவான செட்டிங் ஃபைல்) அந்த ஒரு ஃபைல் வகைக்கு அதே விலக்கு வேண்டும், இல்லாவிட்டால் சேவ் செய்யும்போதே எடிட்டர் வழித்துவிடும். எடிட்டர்கான்ஃபிகை விட்டுவிடவும் வேண்டாம், இன்டென்ட் அளவும் வரி முடிவும் டைப் அடிக்கும்போதே சரியாக இருந்தால் வாட்ச்மேனுக்கு வேலை குறைவு. மேக்ஃபைலுக்கு டேப் கட்டாயம், யாமலில் இன்டென்டுக்கு டேப் கூடவே கூடாது, இந்த மாதிரி விஷயங்களுக்கு அதுதான் இடம்.

வாட்ச்மேனைத் தாண்டிப் போகப் பின்வாசலும் இருக்கிறது. ‘நோ-வெரிஃபை’ என்று சேர்த்துக் கமிட் போட்டால் எதுவுமே ஓடாது. அதுவும் தேவையில்லை, குளோன் செய்தவர் இன்ஸ்டால் கமாண்டை அடிக்க மறந்தாலே போதும், ஏனென்றால் கிட் ஹூக்குகளைக் குளோனோடு கொண்டுவராது. எனவே சிஐயிலும் (கோடு வந்து சேர்ந்ததும் சர்வரில் தானாக ஓடும் சோதனை) எல்லா ஃபைலுக்கும் ஒரு ஓட்டம் வைத்தே ஆக வேண்டும், வைக்காவிட்டால் இத்தனையும் வெறும் அலங்காரம்.

ஒரே மொழி ப்ராஜெக்டுக்கு இதைப் போடச் சொல்ல மாட்டேன், அந்த மொழியின் ஃபார்மேட்டரை சிஐயில் போட்டால் முடிந்தது. மூன்று மொழி தாண்டினால் யோசிக்காமல் போடுங்கள். போடும் அன்று முழு ரெப்போவையும் ஒரே கமிட்டில் ஃபார்மேட் செய்து, அந்தக் கமிட் எண்ணை ஒரு ஃபைலில் எழுதி, பிளேம் (எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்று காட்டுவது) பார்க்கும்போது அந்தக் கமிட்டை ஒதுக்கச் சொல்லி கிட்டுக்குக் காட்டிவிடுங்கள், கிட் 2.23-இலிருந்து இந்த வசதி இருக்கிறது. நான் ஃபார்மேட் செய்துவிட்டு, இந்த ஒதுக்கும் வேலையை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். மறுநாள் காலை பார்த்தால் அந்த இருபது ஷெல் ஸ்கிரிப்டிலும் பாதிக்கு மேல் வரிகள் என் பெயரில் இருந்தன.