கிடப்பில் போடுவதா, தேதி குறித்துத் தள்ளிவைப்பதா?

மடிப்பாக்கத்தில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. கூட்டத்தை நடத்தும் முறைக்கு, ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் 1876-இல் வெளியிட்ட விதிகளையே எங்கள் துணைவிதியில் ஏற்றிருக்கிறோம். அவ்விதிகளின்படி, ஒரு தீர்மானத்தை அன்றைக்கு முடிவெடுக்காமல் ஒதுக்கிவைக்கப் பல வழிகள் உண்டு. செயலாளர் என்ற முறையில் அவற்றுள் கிடப்பில் போடுவது, தேதி குறித்துத் தள்ளிவைப்பது, காலவரையின்றி ஒத்திவைப்பது ஆகிய மூன்றைக் கையாண்டு பார்த்த பின்பு, தேதி குறித்துத் தள்ளிவைப்பதே நல்லது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

மூன்றுக்கும் முன்மொழிபவர், வழிமொழிபவர், சாதாரணப் பெரும்பான்மை ஆகியவை போதும். வேறுபாடு, ஒதுக்கிய தீர்மானம் எப்படித் திரும்பி வருகிறது என்பதில்தான் இருக்கிறது.

சென்ற ஆண்டு ஜூலைக் கூட்டத்தில், மழைக்கு முன் வளாகத்தில் மூன்று உறிஞ்சு கிணறுகள் தோண்ட வேண்டும் என்ற தீர்மானம் வந்தபோது இரவு ஒன்பது மணியாகிவிட்டது. ஓர் உறுப்பினர் எழுந்து, "டேபிள் பண்ணிடலாம் சார்" என்றார், அதாவது கிடப்பில் போடலாம் என்று. கிடப்பில் போடும் முன்மொழிவின் மீது விவாதத்துக்கு இடமில்லை என்பதால் உடனே வாக்கெடுத்தோம், கைகள் உயர்ந்தன. அவசர வேலை ஒன்று குறுக்கிடும்போது சற்று நேரம் ஒதுக்கிவைப்பதற்கென்றே அமைந்த வழி அது. அப்படி ஒதுக்கியதை மீண்டும் எடுக்க யாராவது தனியே முன்மொழிந்தாக வேண்டும். எங்களைப் போல் காலாண்டுக்கு ஒருமுறை கூடும் சங்கத்தில், அடுத்த கூட்டம் முடிவதற்குள் எடுக்காவிட்டால் தீர்மானம் தானாகவே காலாவதியாகிவிடும். அக்டோபர்க் கூட்டத்தில் ஒருவரும் எடுக்கவில்லை. நவம்பரில் கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

தேதி குறித்துத் தள்ளிவைத்தால் இந்த நிலை வராது. எதற்காக, எந்தத் தேதிக்கு என்பதை விவாதிக்கலாம், தேதியைத் திருத்தலாம். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அது யார் நினைவூட்டலும் இன்றித் தானே இடம்பெறும். இந்த ஆண்டு அதே தீர்மானத்தைப் புதிதாகக் கொண்டுவந்து, விலைப்புள்ளி பெறுவதற்காக ஏப்ரலிலிருந்து ஜூலைக் கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம். இரண்டு ஒப்பந்ததாரர்களின் விலைப்புள்ளிகளோடு அது நிரலின் நான்காம் எண்ணில் வந்து, அன்றே நிறைவேறியது.

காலவரையின்றி ஒத்திவைப்பது, நேரடியாக நிராகரிக்காமல் தீர்மானத்தை அந்தக் கூட்டத்தொடரோடு முடித்துவைக்கும் வழி. தீர்மானத்தின் நன்மை தீமைகளையே அதில் விவாதிக்கலாம். நாங்கள் ஒரே ஒரு முறைதான் அதைப் பயன்படுத்தினோம், ஆகவே அதைப் பற்றி அழுத்திச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவமில்லை.

சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்க வழக்கில் 'டேபிள்' என்றால் ஒதுக்கிவைப்பது. பிரிட்டிஷ் வழக்கில் அவை முன் கொண்டுவருவது. நம் சட்டப்பேரவையில் அறிக்கைகள் 'அவையில் வைக்கப்பட்டன' என்று கேட்டுப் பழகிய மூத்த உறுப்பினர்கள் சிலர், அன்று எதற்குக் கை உயர்த்தினோம் என்று பிறகு என்னிடம் கேட்டார்கள். இப்போது எவரேனும் அச்சொல்லோடு எழுந்தால், "எந்தத் தேதிக்கு?" என்று தலைவர் கேட்கிறார், அந்தத் தேதியை நான் நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே வாக்கெடுப்பு நடக்கிறது.