ஏற்காட்டு ஏற்றத்துக்குப் பெட்ரோலா, டீசலா?

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பாதை, ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலிருந்து 1,500 மீட்டர் வரை இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதால், சமவெளியில் புலப்படாத இன்ஜின் வேறுபாடுகள் அங்கே வெளிப்பட்டுவிடுகின்றன.

பெட்ரோல் இன்ஜின், காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையைச் சுமார் பத்தில் ஒரு பங்காக அமுக்கி, ஸ்பார்க் பிளக்கின் பொறியால் எரிக்கிறது. இன்னும் அதிகமாக அமுக்கினால், பொறியில் மூண்ட தீ பரவி எட்டும் முன்பே மீதமுள்ள கலவை தானே வெடித்து, பிஸ்டனைச் சேதப்படுத்தும் 'நாக்கிங்' உண்டாகும். டீசல் இன்ஜினோ வெறும் காற்றை மட்டும் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு அமுக்குகிறது. 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிய அந்தக் காற்றில் டீசலைப் பீய்ச்சியதும் அது பற்றிக்கொள்கிறது. முன்கூட்டி எரிய உள்ளே எரிபொருளே இல்லை என்பதால், வெளியேறும் புகையால் சுழன்று காற்றை உள்ளே தள்ளும் டர்போவைக் கொண்டு காற்றைத் தாராளமாகத் திணிக்கலாம். டீசல் வண்டி நிமிடத்துக்கு 2,000 இன்ஜின் சுற்றுகளுக்குள்ளாகவே பெரும் இழுவையைத் தருவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

வளைவில் வேகம் குறைந்து மீண்டும் ஏறும் இடத்தில்தான் இந்த இழுவை தேவைப்படுகிறது. டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியை அங்கே இரண்டாம் கியருக்கோ, ஆள் நிறைந்திருந்தால் முதல் கியருக்கோ இறக்கி, சுற்றுகளைக் கூட்டியாக வேண்டும். மேலே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தியும் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே குறைவதால், அதே அளவுக்கு அதன் திறனும் குறைகிறது. டர்போ பெட்ரோல் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டுகிறது. ஆனால் சுற்றுகள் 1,500-க்குக் கீழே விழுந்துவிட்டால் டர்போ விழித்தெழச் சற்று நேரம் பிடிக்கும்.

இறக்கத்தைப் பற்றிய ஒரு நம்பிக்கையைத் திருத்தியாக வேண்டும். அதிகம் அமுக்குவதால் டீசல் இன்ஜின்தான் வண்டியை நன்றாக இழுத்துப் பிடிக்கும் என்கிறார்கள். ஆனால் அமுக்கப்பட்ட காற்று விரியும்போது அந்த விசையின் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பெட்ரோல் இன்ஜினில், ஆக்சிலரேட்டரை விட்டதும் காற்றின் வழி மூடிக்கொள்வதால், பிஸ்டன் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க நேர்ந்து வேகம் தணிகிறது. எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது இரண்டு வகைக்கும் ஆபத்தானது, வீணானதும்கூட. கியரில் இறங்கும்போது இன்றைய இன்ஜின்கள் எரிபொருளையே நிறுத்திவிடுகின்றன, நியூட்ரலிலோ இன்ஜினை ஓடவைக்க எரிபொருள் செலவாகிறது.

மலையில் வெல்லும் டீசல், ஊருக்குள் தடுமாறுகிறது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 புகை மாசு விதிகளுக்குப் பிந்தைய டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி உள்ளது. சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அதற்கு நீடித்த சூடு வேண்டும். சேலம் நகருக்குள் அஸ்தம்பட்டிக்கும் ஐந்து ரோட்டுக்கும் இடையே சிறு தொலைவுகளே ஓடும் காரில் அந்தச் சூடு எட்டுவதில்லை. வடிகட்டி அடைத்துக்கொண்டால் செலவு பெரிது. எனவே காப்பித் தோட்டத்துக்குச் சுமையோடு நாள்தோறும் ஏறுபவர் டீசலையே வாங்கலாம். நகருக்குள் ஓட்டி, மாதம் ஒருமுறை குடும்பத்தோடு ஏற்காடு செல்பவருக்கு டர்போ பெட்ரோலே என் பரிந்துரை.