ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் ஒரு ஆரஞ்சு லைட்டும்: 19 மாத அனுபவம்

சித்தப்பா மகன் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "அண்ணா, உன் வண்டி சத்தம் செமயா இருக்கே, என் வண்டிக்கும் நாமளே மாட்டிடலாமா?" இரண்டு வரியில் பதில் போட உட்கார்ந்தேன். முடியவில்லை.

வண்டி 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹாட்ச்பேக். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் 7,500 ரூபாய் கொடுத்து வாங்கிய ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரை (புகையை அதிகம் தடுக்காமல் வெளியே விடும் ரகம்) அல்சூர் வீட்டு வாசலில் வைத்து நானே மாட்டினேன். 19 மாதம், 21,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. பவர் கூடியதா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். காலுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் கூடவில்லை. கடைசி டப்பாவை மட்டும் மாற்றினால் பவர் ஏறாது. சத்தம் கூடியது, மனசு அதையே பவராக எடுத்துக்கொண்டது. மைலேஜில் வித்தியாசம் இல்லை. பவர், மைலேஜ் கதை இவ்வளவுதான்.

நான் எழுத வந்தது மீட்டர் போர்டில் எரிந்த ஆரஞ்சு லைட்டைப் பற்றி.

மாட்டி மூன்றாவது வாரம் வந்தது. செக் என்ஜின் லைட். வண்டி நன்றாக ஓடுகிறது, இழுவை குறையவில்லை, லைட் மட்டும் எரிகிறது. இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து கார்களுக்கு ஓபிடி-2 (வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துப் பதிவு செய்யும் முறை) கட்டாயம் என்பதால் என் வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கீழே அந்த 16 பின் சாக்கெட் இருக்கிறது. 650 ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் அடாப்டர் வாங்கிச் சொருகினேன். போனில் எரர் கோடு (code) வந்தது: பி0420. புகையில் இருக்கும் நச்சு வாயுக்களைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் (சுருக்கமாக 'கேட்') செயல்திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டதாம்.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன், எது என்பது வேண்டாம். பத்து நிமிடத்தில் தீர்ப்பு: கேட் போச்சு சார், புதுசு போடணும், 38,000 ஆகும். வண்டி விற்றாலே எவ்வளவு வரும் என்று யோசித்துக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்து, தெரிந்த ஒருவர் சொன்ன கேரேஜ். அவர் இன்னும் சுலபமான வழி வைத்திருந்தார். "கேட் உள்ள தேன்கூடு மாதிரி இருக்கிறதைக் கம்பி விட்டு உடைச்சு எடுத்துடலாம். கேட்டுக்குப் பின்னாடி இருக்கிற சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி வைக்க ஒரு ஸ்பேசர் போட்டா லைட்டும் வராது. 3,000 கொடுங்க போதும்." அந்தத் தேன்கூட்டில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு இருக்கிறது. குஜ்ரியில் (பழைய இரும்புக் கடையில்) அதற்கு நல்ல விலை கிடைக்கும், அவருக்கு அது தெரியாமல் இருக்காது. சில்க் போர்டு சிக்னலில் முன்னால் நிற்கிற வண்டியின் புகையை அரை மணி நேரம் குடித்தவன் இதைத் தன் வண்டிக்குச் செய்யக் கூடாது என்பது என் கட்சி. ஆனாலும் அன்றைக்கு ஒரு கணம் சபலப்பட்டேன், மறைக்க விரும்பவில்லை.

அப்புறம் நான் செய்தது இன்னும் பெரிய முட்டாள்தனம். ஆப்பில் கோடை அழிக்கிற பட்டன் இருக்கிறது. அழித்தேன். லைட் போய்விட்டது. நான்கு நாள் கழித்து வந்தது. மறுபடி அழித்தேன். இப்படிப் பதினோரு தடவை. ஒவ்வொரு தடவை அழிக்கும்போதும் கோடோடு சேர்ந்து ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடுகிறது என்பது எனக்கு உறைக்கவில்லை. கோடு பதிவான அந்த நொடியில் வேகம் என்ன, ஆர்பிஎம் என்ன, என்ஜின் சூடு என்ன என்று ஈசியு (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) எடுத்து வைக்கிற குறிப்பு அது. திருடன் கால்தடத்தை நானே தினம் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தேன்.

சந்தேகம் வந்தது எமிஷன் டெஸ்டில். சர்டிபிகேட் காலாவதி ஆகப் போகிறது, பெட்ரோல் பங்கில் குழாயைச் சொருகினார்கள். லைட் எரிந்துகொண்டே இருந்தது. அவர்கள் அதைப் பார்ப்பதும் இல்லை, சாக்கெட்டில் எதையும் சொருகுவதும் இல்லை. வண்டி பாஸ். பிஎஸ்-4 புகை விதிப்படி வந்த பெட்ரோல் வண்டிக்கு ஐடிலிங்கில் (வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம் வரை இருக்கலாம். எனக்குக் கொடுத்த டெஸ்ட் சீட்டில் 0.02. கேட் செத்துப்போன வண்டி இவ்வளவு சுத்தமாக மூச்சு விடுமா? முழு நிரூபணம் இல்லைதான். ஆனால் அந்தச் சீட்டைப் பார்த்த பிறகு 38,000 ரூபாயை எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை.

இங்கேதான் அந்த 650 ரூபாய் அடாப்டர் என்னைக் கவிழ்த்தது, நல்ல அர்த்தத்தில். கோடு படிப்பதைத் தாண்டி அது சென்சார் வோல்டேஜை போனில் கிராஃபாக ஓட விடும். கேட்டுக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அது ஆட வேண்டும், ஈசியு கலவையைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கேட் ஆக்சிஜனைச் சேர்த்து வைத்துக்கொள்வதால் பின்னால் இருக்கும் சென்சாருக்கு அந்த ஆட்டம் எட்டக் கூடாது. 0.6, 0.7 வோல்ட்டில் கிராஃப் கிட்டத்தட்ட நேராகப் போகணும். பின் சென்சாரும் முன் சென்சார் மாதிரி ஆட ஆரம்பித்தால், கேட் வேலை செய்யவில்லை என்று ஈசியு கணக்குப் போட்டு லைட்டைப் போடுகிறது. அதற்குக் கேட்டை நேரில் பார்க்க வழியில்லை. சென்சார் சொல்வதுதான் அதற்குத் தெரியும்.

எனக்கு ஐடிலிங்கில் பின் சென்சார் தாறுமாறாக ஆடியது, அடிக்கடி 0.1 வரை விழுந்தது. 3,000 ஆர்பிஎம்மில் பிடித்தால் கிராஃப் நேராகிவிட்டது. கேட் நிஜமாகவே தேய்ந்திருந்தால் புகை வேகம் கூடக் கூட அது திணற வேண்டும். இங்கே தலைகீழ். இரண்டு இரவு இந்தக் கிராஃபையே பார்த்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். மனைவி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள், ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா சொன்னார். எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையில் 31 வருடம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "குளிர்ல டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம் வருதே, கேஸ்கெட்டை மாத்துனியாடா?" மூன்று மாதம் முன்னால் சைலன்சர் மாட்டிய அன்றைக்கும் இதே கேள்வியைக் கேட்டிருந்தார். அன்றைக்கு நான் "அதெல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா" என்றேன்.

நடந்தது இதுதான். பின் ஜாயிண்டில் நட்டு துருப்பிடித்துக் கழலவில்லை என்று, பின் சென்சார் ஒயரைப் பிடுங்கி, முன் பைப்போடு மொத்தத்தையும் இறக்கி வைத்துத் தட்டினேன். திரும்ப ஏற்றும்போது முன் ஜாயிண்டில் இருந்த நசுங்கிய பழைய ரிங் கேஸ்கெட்டையே (ஜாயிண்ட் கசியாமல் அடைக்கிற வளையம்) வைத்து இறுக்கினேன். அந்த ஜாயிண்ட் கேட்டுக்குப் பின்னால், பின் சென்சாருக்கு ஒரு சாண் முன்னால். புகை துடித்துத் துடித்து வருவது. இரண்டு துடிப்புக்கு நடுவே அந்த இடுக்கு வெளிக்காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. அந்தக் காற்றில் இருக்கும் ஆக்சிஜனைத்தான் சென்சார் பார்த்திருக்கிறது. வேகம் கூடினால் புகை விடாமல் தள்ளும், காற்று நுழைய வழி குறைவு, கிராஃப் நேர்.

ஆறின என்ஜினை ஸ்டார்ட் செய்து, அப்பா ஈரத் துணியால் டெயில் பைப்பைப் பத்து செகண்ட் அடைத்துப் பிடிக்க, நான் ஜாயிண்டில் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். குமிழி குமிழியாக வந்தது. (வீட்டில் செய்து பார்ப்பவர்கள் திறந்த இடத்தில் செய்யுங்கள், மூடின பேஸ்மென்ட்டில் வேண்டவே வேண்டாம். வண்டிக்கு அடியில் போவதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள்.) புது ரிங் கேஸ்கெட் 180 ரூபாய். மாற்றி 16 மாதம் ஆகிறது, பி0420 திரும்ப வரவில்லை. ஆக, சர்வீஸ் சென்டர் சொன்னது 38,000, கேரேஜ் சொன்னது 3,000, குற்றவாளி நான்.

அடாப்டருக்கும் குறை உண்டு. இஎல்எம்327 என்று மேலே எழுதிய மலிவு குளோன்தான், நடு நடுவே ப்ளூடூத் அறுந்துபோகும். சாக்கெட்டின் 16ஆவது பின்னில் பேட்டரி கரன்ட் எப்போதும் இருக்கும், சாவியை எடுத்தாலும் இது தின்றுகொண்டிருக்கும். பத்து நாள் கல்யாணத்துக்கு ரயிலில் சென்னை போய்த் திரும்பினால் பேட்டரி படுத்திருந்தது. வேலை முடிந்ததும் பிடுங்கி வையுங்கள். மற்றபடி இந்த வண்டிக்கு நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் இது.

சைலன்சர்? ஞாயிறு காலை ஆறு மணிக்கு மேக்ரி சர்க்கிள் அண்டர்பாஸில் கண்ணாடியை இறக்கிவிட்டு மூன்றாம் கியரில் போய்ப் பாருங்கள், 7,500 ரூபாய் அங்கேயே வசூல். ஆனால் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர் 80-இல் போகும்போது காருக்குள் ஒரே சீராக ஊ என்று ஒரு ரீங்காரம், காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி. பின் சீட்டில் உட்காரும் அம்மாவுக்கு ஓசூர் வருவதற்குள் தலைவலி. சட்டமும் ஆதரவாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் ஓனர் செய்யும் அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் இருக்கிறது, ஆறு மாதம் வரை சிறையும் எழுதியிருக்கிறது. இதுவரை யாரும் நிறுத்தவில்லை. காக்கிச் சட்டையைக் கண்டால் என் கால் தானாக ஆக்சிலேட்டரை விடுகிறது.

தம்பிக்குப் பதில்: போடாதே. உன் வண்டி 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்-6 இரண்டாம் கட்டம், வாரண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் ஈசியு என்னுடையதைவிட உஷார். அடாப்டர் மட்டும் வாங்கு, அதுவும் கொஞ்சம் நல்லதாக.

என் பழைய சைலன்சர் மொட்டை மாடியில் தண்ணீர் டேங்குக்கு அடியில் கிடக்கிறது. குஜ்ரிக்காரர் 400 ரூபாய்க்குக் கேட்டார், தரவில்லை. தீபாவளிக்கு அம்மாவை சேலம் கூட்டிப்போக வேண்டும், அதற்குள் திரும்ப ஏற்றிவிடலாம் என்று நேற்று ராத்திரியே நட்டுகளில் துரு இளக டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்து வைத்தேன். கேஸ்கெட் இந்தத் தடவை புதுசாக இரண்டு வாங்கியாச்சு. தீபாவளி முடிந்ததும் ஃப்ரீ ஃப்ளோவை மறுபடி மாட்டுவேனா என்று மனைவி கேட்டாள். இரண்டு கேஸ்கெட் எதற்கு வாங்கினேன் என்று நினைக்கிறாள்?