புல்லட் என்ஜினுக்குச் சாமான் சேர்ப்பது: புதுப்பேட்டையா, ஜி.பி. ரோடா, இங்கிலாந்துப் பார்சலா?

பழைய கேஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு சிலிண்டர்) புல்லட் 350 என்ஜினைப் பிரித்துக் கட்டப் போகிறேன் என்று சொன்னால் போதும், ஆளுக்கொரு கடை சொல்வார்கள். சென்னைப் புதுப்பேட்டைக்குப் போ, ஒரிஜினல் அங்கேதான் கிடக்கிறது என்பார் ஒருவர். பழசை நம்பாதே, ஜி.பி. ரோட்டில் புதுசாக வாங்கு என்பார் இன்னொருவர். கையில் கொஞ்சம் காசு புழங்குகிறவர், இங்கிலாந்திலிருந்து வரவழைத்துவிட்டால் தலைவலியே இல்லை என்பார். மூவர் சொல்வதும் சரிதான். ஆனால் மூன்றும் வேறு வேறு சாமானுக்குச் சரி. ஒரே கடையில் மொத்தமாக வாங்குவதுதான் இந்த என்ஜினுக்கு ஒத்துவராத வழி என்பது என் கட்சி.

காரணம், என்ஜினின் வயது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் கட்டிய 350 என்ஜினின் அடிப்படை அளவு 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 346 சி.சி. 2008-09 வாக்கில் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் சேர்ந்த யூனிட் என்ஜின் வந்து இடத்தைப் பிடிக்கும்வரை அந்த அளவு மாறவே இல்லை. அதனால் ரெட்டிச் காலத்துச் சாமான், திருவொற்றியூர் சாமான், வெளிக் கம்பெனிகள் வார்த்துத் தள்ளியது எல்லாம் இன்று ஒரே மேசையில் கலந்து கிடக்கின்றன. பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று பொருந்தவும் செய்யும். பொருந்தும் என்பதற்காக எல்லாம் ஒரே தரம் என்று ஆகாது. 6 வோல்ட் டைனமோ வண்டிக்கும் 12 வோல்ட் ஆல்டர்னேட்டர் வண்டிக்கும் சில சாமான்கள் வேறு. கழற்றிய பழைய சாமானைத் துணியில் சுற்றிக் கையோடு எடுத்துப் போவதே நல்லது. மாடல் வருடத்தை மட்டும் வாயால் சொன்னால், கடைக்காரர் தன்னிடம் இருப்பதைத்தான் எடுத்துக் கொடுப்பார்.

புதுப்பேட்டை

எழும்பூரை ஒட்டிய இந்தச் சந்துகளில் வண்டிகளை உடைத்து உருப்படியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். இங்கே வாங்க வேண்டியவை, சுலபத்தில் தேயாதவையும், இன்று யாரும் அன்றுபோல் செய்யாதவையும்: ராக்கர் பாக்ஸ், டைமிங் கவர், பிளைவீல், டைமிங் பல்சக்கரங்கள், வால்வுகளைத் திறக்கும் கேம். தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். கேம் மூக்கில் பள்ளமோ செதிலோ இருந்தால் அப்படியே திருப்பி வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

கேம், கிராங்க் பின் மாதிரி கெட்டியாக்கப்பட்ட இரும்புக்கு ஒரு சின்ன சோதனை உண்டு. சட்டைப்பையில் ஒரு சிறிய அரம் வைத்துக்கொள்ளுங்கள். உராய்வு படாத ஓரத்தில் லேசாக இழுத்தால், நன்றாகக் கெட்டியான இரும்பில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். கடித்துச் சுரண்டினால் அது வேண்டாம். இந்தச் சோதனையில் முப்பது வருடத்துப் பழைய கம்பெனி கேம் தேறி, பளபளவென்று பெட்டியில் இருக்கும் டூப்ளிகேட் தோற்பது சகஜம்.

என்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸை மட்டும் இங்கே வாங்கத் துணியாதீர்கள். என்ஜின் எண் அதில்தான் பொறித்திருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எண்ணோடு பொருந்தவில்லை என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அது திருட்டு வண்டியின் கேஸாக இருந்தால் கதை இன்னும் நீளும். போதாக்குறைக்கு, இரண்டு பாதிக் கேஸ்களும் ஜோடியாகச் சேர்த்து வைத்துத் துளைக்கப்பட்டவை. ஒரு வண்டியின் இடப்பாதியும் இன்னொரு வண்டியின் வலப்பாதியும் சேர்ந்தால் பேரிங் இருக்கைகள் நேர்கோட்டில் நிற்காது. உங்கள் கேஸ் உடைந்திருந்தால் நல்ல அலுமினிய வெல்டரைத் தேடுவதே மேல்.

ஜி.பி. ரோடு

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைப்பது புதுச் சாமான். கேஸ்கெட், ஆயில் சீல், ரிங், வால்வு, வால்வு ஸ்பிரிங், செயின், கேபிள் என்று காலாவதியாகும் எதற்கும் இங்கே வந்தால் போதும். என்ஜினிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் டூப்ளெக்ஸ் (இரட்டை வரிசை) பிரைமரி செயினை எந்த நிலையிலும் பழசாக வாங்காதீர்கள். பெயருள்ள கம்பெனிச் செயினாகப் புதிதாகவே போடுங்கள். விலை வித்தியாசம் கொஞ்சம்தான்.

இங்கே உள்ள சிக்கல் வேறு வகை. ஒரே சாமான் மூன்று விலையில் இருக்கும், அட்டைப் பெட்டிகள் ஒரே நிறத்தில் இருக்கும். 'இதுவும் கம்பெனிக்குச் சப்ளை பண்றவங்கதான் தம்பி' என்ற வசனம் எல்லாக் கடைக்கும் பொது. பெட்டியை விடுங்கள், சாமானைப் பாருங்கள். வார்ப்பின் ஓரத்தில் பிசிறு இருக்கிறதா, மரை சுத்தமாக வெட்டப்பட்டிருக்கிறதா, தயாரித்தவரின் முத்திரை சாமானிலேயே இருக்கிறதா என்பதெல்லாம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இங்கிலாந்து

ஹிட்ச்காக்ஸ் மாதிரிக் கடைகள் இந்த என்ஜினின் ஒவ்வொரு வாஷரையும் படம் போட்டு, எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலுக்காகவே அவர்கள் தளத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். அங்கே எதுவும் வாங்காவிட்டாலும், நமக்கு வேண்டிய சாமான் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்தபின் விலை கண்ணைக் கட்டும். இந்தியாவில் செய்த சாமானே அங்கே போய்த் திரும்பி நம்மிடம் வருவதும் உண்டு. ஆக, நம் ஊரில் தரமாகக் கிடைக்காத ஒன்றிரண்டுக்கு மட்டும் இந்த வழி.

பிஸ்டன்: வாங்கும் வரிசை

பலர் சிலிண்டரை முதலில் லேத் பட்டறையில் கொடுத்து 'அடுத்த சைஸ் போர் பண்ணிடுங்க' என்று சொல்லிவிட்டு, அப்புறம் பிஸ்டன் தேடுகிறார்கள். வரிசை தலைகீழ். பிஸ்டனை வாங்கி, மைக்ரோமீட்டரில் அதன் ஸ்கர்ட்டை (கீழ்ப்பக்கச் சுவரை) அளந்து, அதற்கு எத்தனை இடைவெளி வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறாரோ அதைச் சேர்த்துத்தான் சிலிண்டரைப் போர் செய்ய வேண்டும். ஒரே ஓவர்சைஸ் (போர் செய்து பெரிதாக்கிய சிலிண்டருக்கான அளவு) எண் போட்ட இரண்டு கம்பெனி பிஸ்டன்கள் அளவில் ஒன்றாக இருக்கும் என்று நம்புவதற்கில்லை.

உள்ளூர் பிஸ்டன் என்றாலே மட்டம் என்ற எண்ணமும் தேவையில்லை. செம்பியத்தில் இருக்கும் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-ல் தொடங்கியது, பெயர் தெரிந்த கம்பெனி. பெயரே இல்லாத பிஸ்டனோடு ஒப்பிட்டால் கொடுக்கும் கூடுதல் காசு நியாயமானது. ரிங்கை அப்படியே போட்டுவிடக் கூடாது. சிலிண்டருக்குள் தனியாக வைத்து, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். ஒரு அங்குலப் போருக்கு 4 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்ற பழைய கணக்கில், 70 மி.மீ.க்குச் சுமார் 11 தவ், அதாவது 0.28 மி.மீ. வரும்.

பிக் எண்ட்: புஷ்ஷா, ரோலரா?

அதிகம் சண்டை நடக்கும் இடம் இதுதான். புல்லட்டின் பிக் எண்டில், அதாவது கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் முனையில், இருப்பது மிதக்கும் புஷ். கிராங்க் பின்னுக்கும் கனெக்டிங் ராடுக்கும் நடுவே எதிலும் இறுகாமல் தானாகச் சுழலும் வளையம். சரியான அளவில் பொருத்தி, சுத்தமான ஆயில் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தால் சத்தமில்லாமல் நீண்ட நாள் ஓடும். ஆயில் பட்டினி கிடந்தால் மன்னிக்காது. குளிரில் ஸ்டார்ட் செய்ததும் முறுக்கினால் முதலில் அடி வாங்குவதும் அதுதான்.

ரோலர் கிட் குறைந்த ஆயிலையும் கொஞ்சம் தாங்கும். ஆனால் ரோலரின் ஆயுள் பின்னின் கெட்டித்தன்மையில் இருக்கிறது. மலிவான கிட்டில் மேல்தோல் மட்டும் கெட்டியாக இருக்கும். அது உரிந்துவிட்டால் துகள் ஆயிலோடு போய்ப் பம்ப்பையும் கெடுக்கும். பெயர் தெரியாத ரோலரைவிட நல்ல புஷ் மேல். நெடுஞ்சாலையில் தொடர்ந்து வேகமாக ஓட்டுபவராக இருந்தால், பின்னும் ராடும் ஜோடியாக வரும் ரோலர் கிட்டை இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதில் அர்த்தம் இருக்கிறது. பார்சல் காசை நான் நியாயப்படுத்தும் இடம் இது ஒன்றுதான்.

எதைப் போட்டாலும் கிராங்க்கை அழுத்திப் பூட்டியபின் இரு முனைகளையும் தாங்கி, டயல் கேஜ் வைத்து நேர் பார்க்க வேண்டும். முள் 2 தவ்வைத் தாண்டி ஆடினால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். 'ஓடிடும் சார்' என்று பட்டறையில் சொன்னாலும் சரி.

பேரிங்கும் ஆயில் பம்ப்பும்

பேரிங்கை ஸ்பேர்ஸ் கடையில் வாங்காமல் பேரிங் கடையில் வாங்குங்கள். வளையத்தில் பொறித்திருக்கும் எண்தான் அதன் முகவரி, புல்லட் என்று சொல்லவே தேவையில்லை. எண்ணுக்குப் பின்னால் வரும் சி3 போன்ற குறியையும் சேர்த்துப் பாருங்கள், அது உள் இடைவெளியைச் சொல்கிறது. போலிகள் ஏராளம். எஸ்.கே.எஃப். கம்பெனி, போலியைச் சரிபார்க்க ஒரு செயலியே வைத்திருக்கிறது.

ஆயில் பம்ப்பைப் பொறுத்தவரை, பழைய ஒரிஜினல் வட்டையும் அதன் இருக்கையையும் நைசான பேஸ்ட் போட்டு ஒன்றோடொன்று தேய்த்து லேப்பிங் செய்வது, புதிய டூப்ளிகேட் பம்ப் வாங்குவதைவிடப் பெரும்பாலும் நல்ல பலன் தரும். செலவு கிட்டத்தட்ட இல்லை, பொறுமைதான் வேண்டும்.

கருவிகள்

ஆங்கிலேய மரையோடு பிறந்த என்ஜினுக்குக் கையில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் செட் போதும் என்று நினைப்பவர்கள் பழைய நட்டுகளின் மூலைகளைப் பார்க்கட்டும். விட்வொர்த் (அந்த ஆங்கிலேய மரை முறை) ஸ்பேனரில் போட்டிருக்கும் எண், போல்ட்டின் தடிமனைக் குறிப்பது, நட்டின் அகலத்தை அல்ல. 1/4 விட்வொர்த் நட்டின் அகலம் 13.3 மி.மீ. அதில் 13-ம் நம்பர் ஸ்பேனர் ஏறாது, 14 ஏறி வழுக்கும். 3/8-க்கு மட்டும் அதிர்ஷ்டம், 18-ம் நம்பர் கச்சிதமாக உட்காரும். பிற்காலத்து இந்திய என்ஜின்களில் மில்லிமீட்டர் மரையும் கலந்து வருவதால் இரண்டு செட்டும் வேண்டும்.

புது விட்வொர்த் செட்டா, பழைய இரும்புக் கடையில் 'டபிள்யூ' பொறித்த ஒற்றை ஸ்பேனர்களா என்று கேட்டால், நான் பழசின் பக்கம். நாலைந்து அளவுகள் போதும். வாய் விரியாமல் இருக்கிறதா என்று மட்டும் ஒரு நட்டில் போட்டுப் பாருங்கள். பதினாறு துண்டு செட் வாங்கினால் பாதி பெட்டியிலேயே தூங்கும்.

கிளட்ச் சென்டர், டைமிங் பினியன் ஆகியவற்றுக்கான புல்லர்களைக் கடையில் வாங்கலாம், லேத்தில் கடைந்தும் கொள்ளலாம், பழகிய மெக்கானிக் அண்ணனிடம் இரவலும் கேட்கலாம். வாழ்நாளில் ஒன்றிரண்டு என்ஜின் கட்டுபவருக்கு இரவல்தான் புத்திசாலித்தனம். எதை வைத்துக் கழற்றினாலும் சரி, பினியனைப் பிடித்திருக்கும் நட்டு இடது மரை. வழக்கமான திசையில் பலம் கொடுத்தால் இன்னும் இறுகும், கடைசியில் முறியும்.

மிச்சமாகும் காசை அளவு பார்க்கும் கருவிகளில் போடுங்கள். 50–75 மி.மீ. மைக்ரோமீட்டர், காந்தத் தாங்கியோடு ஒரு டயல் கேஜ், ஃபீலர் கேஜ், ஒரு டார்க் ரெஞ்ச். இவை கையில் இருந்தால் கடைக்காரர் சொல்வதையும் பட்டறையில் சொல்வதையும் நீங்களே சரிபார்க்கலாம். மைக்ரோமீட்டரில் சீன மலிவுக்கும் ஜப்பானிய மிட்டுடோயோவுக்கும் விலை பல மடங்கு வித்தியாசம். பழைய மிட்டுடோயோ நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். டயல் கேஜ் மலிவானதே போதும், அதில் நாம் பார்ப்பது முள் எவ்வளவு ஆடுகிறது என்பதைத்தான்.

கடைசியாக, டைமிங் கவருக்குள் கிராங்க்குக்கு ஆயில் போகும் முனையில் உட்காரும் சின்ன சீல். காசு என்று சொல்லவே முடியாத விலை. அது கசிந்தால் மேலே சொன்ன பிக் எண்ட் பட்டினி கிடக்கும். அடுத்த முறை கவரைத் திறக்க நேர்ந்தாலும் புதிதாகத்தான் போட வேண்டும், எனவே ஜி.பி. ரோடு போகும்போது இரண்டாக வாங்கி வாருங்கள்.